ரெஃபரன்ஸ்: நற்சான்றா, சான்றுரையா?

நேர்காணல் முடிந்தது, சம்பளமும் பேசியாயிற்று. கடைசியில் மனிதவளத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: "ரெண்டு ரெஃபரன்ஸ் அனுப்புங்க." பழைய இடத்திலிருந்து சுமுகமாக வந்தவருக்கு அது இரண்டு தொலைபேசி எண்கள், அவ்வளவுதான். சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்) கையில் இருக்கும்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கோ அன்று இரவுத் தூக்கம் போய்விடும்.

இந்த ரெஃபரன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்? மேற்கோள், குறிப்பு என்பவை புத்தகத்துக்கு உரியவை. அரசுக் கடிதங்களில் 'பொருள்' என்பதற்குக் கீழே 'பார்வை' என்று போடுவார்களே, அதுவும் ரெஃபரன்ஸ்தான். ஆனால் கோப்புக்கு மட்டும். ஆளைப் பற்றிக் கேட்கும்போது இவை எதுவும் உதவாது.

மூலச்சொல் இலத்தீன். 'ரெ' என்றால் திரும்ப, 'ஃபெர்ரே' என்றால் சுமத்தல், கொண்டுபோதல். கேள்வியை விடை இருக்கும் இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவதே ரெஃபரன்ஸ். வேலை விஷயத்தில் அந்த இடம் பழைய முதலாளி. கேட்கப்படும் ஆளுக்கும் அவர் எழுதித் தரும் தாளுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே பெயர்தான். நல்லது சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

தமிழில் நாம் வைத்திருக்கும் சொற்களில்தான் கட்டாயம் இருக்கிறது. சிபாரிசு பாரசீகத்திலிருந்து வந்தது. நம்மூரில் அதற்குள் செல்வாக்கின் வாடை அடிக்கும். பரிந்துரையைப் பிரித்தால் பரிந்து உரைப்பது, அதாவது அன்போடு ஒருவர் பக்கம் நின்று பேசுவது. நற்சான்று, பழைய தலைமுறை சொன்ன நற்சாட்சிப் பத்திரம், பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ் மூன்றிலும் 'நல்' முன்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் நன்னடத்தைச் சான்றிதழில் வகுப்பையே கலவரமாக்கியவனுக்கும் 'நன்று' என்று எழுதிவிடுகிறோம். தாளின் தலைப்பே நல்லது என்று சொல்லிவிட்ட பிறகு உள்ளே வேறென்ன எழுதுவது? 'மோசமான நற்சான்று' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

'நல்'லைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது சான்று. வேர்ச்சொல் சால்: நிறைதல், தகுதியாதல், போதுமாதல். சால்பு, சான்றோர், சான்றாண்மை எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். சாட்சி வடமொழியிலிருந்து வந்தது. கண்ணோடு இருப்பவர், கண்ணால் கண்டவர் என்று பொருள். பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்றும் ஒரு சொல் உண்டு. குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்று வருவது நினைவிருக்கலாம். போதுமான சாட்சி என்ற பொருளில் சாலும் கரியும் அங்கே ஒரே அடியில் நிற்கின்றன. சான்று என்றால் நிறைவான, நம்பத்தக்க சாட்சி. ரெஃபரன்ஸுக்கு என் பரிந்துரை (பரிந்துதான் உரைக்கிறேன்) 'பணிச் சான்றுரை'. நல்லதோ கெட்டதோ, உண்மையாக உரைப்பது.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. ஒழுங்கு நடவடிக்கையின் நடுவே வேலையை விட்டவருக்குப் பழைய முதலாளி என்ன எழுதலாம் என்ற கேள்வியில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் வந்து நின்றதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். அங்கே பொதுவாக எந்த முதலாளிக்கும் சான்றுரை தரும் கட்டாயம் கிடையாது. நிதித்துறை போன்ற சில இடங்கள் விலக்கு. ஆனால் தந்தால் கவனத்தோடு தரவேண்டும் என்று கார்டியன் அஷ்யூரன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் மீதான வழக்கில் 1994-இல் அன்று அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அசட்டையாக எழுதி ஒருவர் பிழைப்பைக் கெடுத்தால் இழப்பீடு கேட்கலாம்.

நம் கேள்விக்கு நேராக வருவது லண்டன் ஹேக்னி நகராட்சி வழக்கு. நிதி முறைகேட்டுப் புகாரில் ஓர் அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அவர் இனப் பாகுபாடு என்று எதிர்வழக்குப் போட்டார். முடிவில் சமரசம்: அவர் விலகுவார், நடவடிக்கை தானாக நின்றுபோகும். பிறகு வேறொரு நகராட்சி சான்றுரை கேட்டது. கடும் முறைகேட்டுக் குற்றச்சாட்டில் பணியிடை நீக்கத்தில் இருந்தார், அவர் விலகியதும் நடவடிக்கை முடிந்துபோனது என்று ஹேக்னி எழுதியது. கைக்கு வந்த வேலை போயிற்று. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹேக்னி பக்கமே நின்றது. சான்றுரை உண்மையாகவும் துல்லியமாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும். எல்லாக் கதையும் அதில் இருக்கத் தேவையில்லை. மொத்தத்தில் படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகக் கூடாது. 2001-இல் சன் அலையன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மீதான வழக்கில் மறுபக்கத்தையும் சொன்னார்கள்: விசாரித்துப் பார்க்காத குற்றத்தை, நம்புவதற்குத் தக்க காரணம் இல்லாமல், சான்றுரையில் ஏற்றக் கூடாது. அதனால்தான் அங்கே சமரசத்தில் கையெழுத்துப் போடுமுன்பே சான்றுரையின் வாசகத்தையும் பேசி முடித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஹேக்னிக்காரர் அதைச் செய்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

நம் பக்கம், தொழிற்சாலை வேலை விதிகளுக்கான 1946-இன் நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் ஒரு வரி இருந்தது. டிஸ்மிஸ் ஆன நிரந்தரத் தொழிலாளிக்கும் பணிச் சான்றிதழ் பெற உரிமை இருந்தது. வேலை பார்த்தார் என்பதற்கான அத்தாட்சி அது. அந்த விதியை எழுதியவர்கள் 'நல்' சேர்க்கவில்லை. ஐடி அலுவலகங்களில் இப்போது பேச்சே வேறு: ரிலீவிங் லெட்டர் வந்ததா, பிஜிவி (பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பின்னணிச் சோதனை) க்ளியர் ஆச்சா. ரிலீவிங் லெட்டருக்குப் பணிவிடுவிப்புக் கடிதம் என்ற சொல் சரியாகவே பொருந்துகிறது. பிஜிவி படிவத்தில் 'மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் விழும் ஒற்றை 'இல்லை', பக்கம் பக்கமாக எழுதுவதைவிடக் கனமானது.

சான்றுரை எழுதுகிறவர் கூர்ந்து பார்க்க வேண்டியது வேற்றுமை உருபைத்தான். 'ஒழுங்கு நடவடிக்கையின்போது விலகினார்' என்பது நாள்காட்டி சொல்லும் செய்தி. 'ஒழுங்கு நடவடிக்கையால் விலகினார்' என்றால் காரணம் ஏறிவிடுகிறது. 'குற்றத்துக்காக' என்று எழுதினால் நடக்காத விசாரணைக்குத் தீர்ப்பே எழுதியாயிற்று. 'விசாரணை முடிவதற்குள் விலகினார். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை' என்று எழுதினால் இரண்டாம் பாதி முதல் பாதிக்குத் துணை நிற்கும். விலகிப் போகிறவர் கேட்டு வாங்க வேண்டியது அந்த இரண்டாம் பாதியை.