சொல் விளக்கம்: சைக்கடெலிக் சிகிச்சை

கம்பம் பள்ளத்தாக்கிலும், அதற்கு மேற்கே குமுளி, வண்டிப்பெரியார், மூணாறு என்று ஏலக்காடும் தேயிலைக்காடுமாக விரியும் கேரள மலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டில் ஒருவருக்கு மனநலம் குன்றினால் ஒருபுறம் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் மறுபுறம் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கும் செல்பவை. இரண்டு மொழிகளில் மருந்துச் சீட்டும் அறிவுரையும் பெற்றுப் பழகிய இந்தக் குடும்பங்களின் பேச்சில் இப்போது ‘சைக்கடெலிக் தெரபி’ என்ற தொடரும் வந்து சேர்ந்திருக்கிறது. எல்எஸ்டி, சில காளான்களிலுள்ள சைலோசைபின் போன்ற, மனத்தின் உணர்வையும் காட்சியையும் மாற்றும் பொருள்களைக் கொடுத்து, உளச்சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும் சிகிச்சை அது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் தீராத மனச்சோர்வை இது ஒரே நாளில் தீர்க்குமாமே என்று கேட்பவர்களும், இதெல்லாம் கஞ்சா விற்பவர்களின் புதுத் தந்திரம் என்று ஒதுக்குபவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இரு தரப்பினருமே அந்தச் சொல்லின் ஒலியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், அதன் வரலாற்றிலிருந்து தொடங்குவது பயனுடையது.

சைக்கடெலிக் என்பது பழஞ்சொல் அன்று. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் பணியாற்றிய ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற உளமருத்துவர், 1956 ஆம் ஆண்டு எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் அதை ஆக்கி, மறு ஆண்டு நியூயார்க் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். கிரேக்க மொழியில் ‘சைக்கே’ என்பது உயிர், ஆன்மா, மனம் ஆகியவற்றைக் குறிக்கும். ‘தெலூன்’ என்பது தெளிவாகக் காட்டுவதைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்து மனத்தை வெளிப்படுத்துவது என்ற பொருளைத் தருகின்றன. கிரேக்கச் சொற்புணர்ச்சி முறைப்படி அது ‘சைக்கோடெலிக்’ என்றே அமைந்திருக்க வேண்டும் என்று மொழியறிஞர் சிலர் குறை கூறியதுண்டு. நம் பக்கம் ‘சைக்கோ’ என்பது திரைப்படங்களின் வழியே வசைச்சொல்லாகிவிட்டதை நினைத்தால், அந்த ஓகாரம் இல்லாமல் போனது நன்மைதான். ஆனாலும் முதன்முறை கேட்கும் தாய்தந்தையர் காதில் அந்த வசை இன்னும் ஒலிக்கவே செய்கிறது.

ஆஸ்மண்டுக்குப் புதுச்சொல் ஏன் தேவைப்பட்டது என்பதே இந்த வரலாற்றின் உயிரான பகுதி. சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938 இல் எல்எஸ்டியை உருவாக்கினார். 1943 இல் அதன் விளைவைத் தம் உடலிலேயே கண்டார். அதன் பின்னர் மருத்துவர்கள் இத்தகைய பொருள்களை ‘மனப்பிறழ்வைப் போலிசெய்பவை’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். மனச்சிதைவு நோயாளியின் நிலையைச் சிறிது நேரம் செயற்கையாக உண்டாக்கி ஆராய இவை உதவும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. மதுப்பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்கு எல்எஸ்டி கொடுத்துப் பார்த்த ஆஸ்மண்ட், நோயைக் காட்டுவது மட்டுமே இவற்றின் வேலை அன்று, சிலருக்கு நலமும் விளைகிறது என்று கருதினார். ஆகவே பழித்துரைக்கும் பெயருக்கு மாற்றாகப் புகழ்ந்துரைக்கும் பெயரொன்றைப் படைத்தார். மூன்றாவது பெயரும் ஒன்று உண்டு. மனம் அலைவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அது, இல்லாததை இருப்பதாகக் காணச் செய்வது என்ற ஒற்றை விளைவை மட்டும் சுட்டுகிறது. மூன்று பெயர்களிலும் மூன்று தீர்ப்புகள் ஒளிந்திருக்கின்றன என்பதையும், ஆய்வு முடிவதற்கு முன்பே பெயர் தீர்ப்பளித்துவிட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. மனம் வெளிப்படும் என்று பெயர் உறுதி கூறுகிறது. வெளிப்பட்டது தாங்கக்கூடியதாக இருக்குமா என்பதைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘மாயத்தோற்ற மருந்து’ என்பது மூன்றாவது பெயரின் மொழிபெயர்ப்பு. பிழையில்லை, ஆனால் குறைவுடையது. ‘போதைச் சிகிச்சை’ என்று சில செய்திகளில் எழுதுகிறார்கள். எல்லைப்புறத்தில் இது ஆபத்தான வழக்கு என்றே சொல்வேன். கேரளத்தில் போதைக்கு வழங்கும் சொல் லஹரி. வடமொழியில் அலையைக் குறிக்கும் இச்சொல்லை ஒட்டியே தமிழிலும் முன்பு லாகிரி வஸ்து என்று எழுதிவந்தார்கள். கேரள ஆயத்தீர்வைத் துறையின் விமுக்தி இயக்கம் நடத்தும் விழிப்புணர்வும் போதை மீட்பு மையங்களும் மலையோரத் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமானவை. ஆகவே லஹரி சிகிச்சை என்றாலும் போதைச் சிகிச்சை என்றாலும், குடியையோ கஞ்சாவையோ நிறுத்த அளிக்கும் சிகிச்சை என்றே இங்குள்ளவர் புரிந்துகொள்வர். தடுக்கப்பட்ட பொருளைக் கொடுத்துச் செய்யும் ஆய்வு நிலைச் சிகிச்சைக்கு அதே பெயரைச் சூட்டினால், குடும்பத்தினர் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பதே அறியாமல் கையெழுத்திட நேரும்.

மருந்து வகைக்கு ‘உளவெளிக்காட்டி’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஆஸ்மண்டின் வேர்ப்பொருளுக்கு அது நேர்மையாக நிற்கிறது. ‘ஞானம்’, ‘விழிப்பு’ போன்ற வாக்குறுதிகளைச் சேர்ப்பதில்லை. ‘போதை’, ‘பித்து’ என்ற பழியையும் ஏற்றுவதில்லை. சிகிச்சையைக் குறிக்கும்போது ‘உளவெளிக்காட்டித் துணையுடன் உளச்சிகிச்சை’ என்று நீட்டி எழுதுவதே சரி. நீளமாக இருக்கிறது என்று சுருக்கக் கூடாது. ஏனெனில் மருந்து இங்கே துணை, சிகிச்சைதான் தலைமை.

அந்த இரண்டாம் பாதிக்கு வருவோம். ‘தெரபி’ என்பதன் கிரேக்க மூலமான ‘தெரபெயா’ பணிவிடையை, பேணுதலைக் குறிக்கும். ‘சிகிச்சை’ என்ற வடசொல், அறிதலைக் குறிக்கும் ‘சித்’ என்ற வினையடியின் விழைவு வடிவம். தமிழில் பண்டுவம் உண்டு; அதனோடு, நோயாளியின் அருகிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவருக்கு ‘உழைச்செல்வான்’ என்ற அருமையான பழஞ்சொல்லும் உண்டு. இந்தச் சிகிச்சை யாருக்குத் தகும் என்ற வினா பெரும்பாலும் இந்த உழைச்செல்வானிடம்தான் போய் முடிகிறது. ஆய்வுகளில் சைலோசைபின் கொடுக்கப்படும் முறையைப் பாருங்கள்: முன்கூட்டியே பல அமர்வுகளில் பேசி ஆயத்தம் செய்கிறார்கள், மருந்து கொடுக்கும் நாளில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருக்கிறார்கள், பின்னர் அந்த அனுபவத்தை வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க மீண்டும் அமர்ந்து பேசுகிறார்கள். மருந்தை மட்டும் எடுத்து மற்றவற்றை விட்டால், அது அந்தச் சிகிச்சையே அன்று.

அருகிருப்பவரின் மொழி இந்த மலைகளில் தனிக் கவனம் பெற வேண்டியது. மனத்தின் காவல் தளர்ந்து, அச்சமும் அழுகையும் கட்டின்றி வெளிவரும் ஆறு மணி நேரத்தில், தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருவர் தம் தாய்வழி வந்த தோட்டத் தமிழில்தான் பேசுவார். அதை அறியாத ஒருவர் அருகிலிருப்பது ஆறுதலாகாது. தவறாகப் புரிந்துகொள்ளவும் இடமுண்டு. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குரிய தகவல்களை அவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்கிறது. சாதாரண மாத்திரைச் சிகிச்சையிலேயே இது எல்லைப்புறத்தில் முழுமையாக நிறைவேறவில்லை என்பது வருத்தத்துக்குரிய உண்மை. அருகிருப்பவரின் ஒழுக்கமும் இதே அளவு முக்கியம். இதே நோக்கில் ஆராயப்படும், மனநிலையை மாற்றும் இன்னொரு பொருளான எம்டிஎம்ஏவைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில் சிகிச்சையாளர்களே எல்லை மீறிய செய்தி கனடாவிலிருந்து வெளிவந்து, இத்துறையையே உலுக்கியது.

இதுவரை கிடைத்த சான்றுகள் நம்பிக்கை தருபவை. ஆனால் முடிவானவை அல்ல. 2021 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 59 பேரிடம் சைலோசைபினையும் மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையையும் ஒப்பிட்டபோது, ஆய்வின் முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022 இல், மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு கொண்ட 233 பேரிடம் நடந்த ஆய்வில், 25 மில்லிகிராம் ஒருமுறை பெற்றவர்கள் 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிட மூன்றாம் வாரத்தில் அதிகம் தேறியிருந்தனர். தற்கொலை எண்ணம் உள்ளிட்ட பாதகங்களும் சிலரிடம் பதிவாயின. ஆஸ்திரேலியா 2023 சூலை 1 முதல், அனுமதி பெற்ற உளமருத்துவர்கள் மட்டும் குறிப்பிட்ட நோய்களுக்குச் சைலோசைபினையும் எம்டிஎம்ஏவையும் தரலாம் என்று வழிவிட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ 2024 ஆகஸ்டில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோய்க்கு எம்டிஎம்ஏவை ஏற்க மறுத்து, மேலும் ஓர் ஆய்வைக் கேட்டது. தமக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாத்திரையா என்பதைப் பங்கேற்றவர்கள் எளிதில் ஊகித்துவிடுகிறார்கள் என்பது இவ்வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எழும் இடர்ப்பாடு. எதிர்பார்ப்பே பாதி நலத்தைத் தந்துவிடக்கூடும் அல்லவா?

தகுதி பார்ப்பதில் சில தடைகள் ஐயத்துக்கு இடமில்லாதவை. தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மனச்சிதைவு, மனப்பிறழ்வு, இருமுனைய மனநோய் போன்றவை இருந்தவர்களை ஆய்வுகள் பொதுவாகச் சேர்ப்பதில்லை, ஏனெனில் உறங்கிக்கிடக்கும் நோயை இம்மருந்து எழுப்பிவிடக்கூடும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்த நோயை மாப்பிள்ளை, பெண் பார்க்கும்போது மறைப்பதுபோல மருத்துவரிடமும் மறைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருப்பதால், இந்த ஒரு கேள்விக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. இதய நோயும் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமும் தடைகளே. இருமுனைய மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரையை உண்பவர்களுக்கு இவற்றால் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் இவற்றின் விளைவை மட்டுப்படுத்தலாம் என்பதால், காணொளியைப் பார்த்துத் தாமே மாத்திரையை நிறுத்துபவர்கள் இரட்டைத் தீங்கை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

காளானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் மலையிலும் மூணாற்றுப் பக்கத்திலும் மழைக்குப்பின் சைலோசைபின் உள்ள காளான் தேடி இளைஞர்கள் வருவது ஊரறிந்த செய்தி. 2025 சனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு பிணை வழக்கில், இயற்கையாக வளரும் காளானைக் கலவையாகக் கருத முடியாது என்று கூறியதைச் சிலர் பொது அனுமதியாகப் பரப்பினார்கள். காளானின் முழு எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கணக்கிடலாமா என்பது பற்றிய கருத்து அது. சைலோசைபின் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலிலிருந்து நீங்கிவிடவில்லை. மேலும், பறித்த காளானில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. நச்சுக்காளானையும் அதையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம்.

இன்றைய நிலையில் இந்தியாவில் சைலோசைபினையோ எம்டிஎம்ஏவையோ கொண்டு சட்டப்படி வழக்கமான சிகிச்சை பெற வழியில்லை. கீட்டமைன் மட்டும் வேறுபட்டது. நெடுங்காலமாக அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாக இருந்துவரும் அதை, பிற மருந்துகளுக்கு இணங்காத கடும் மனச்சோர்வுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் உளமருத்துவர்கள் சிலர் பயன்படுத்துகிறார்கள். மூளையில் அது செயல்படும் வழி வேறு என்பதால் கண்டிப்பான பொருளில் அதை உளவெளிக்காட்டி என்று சொல்வதற்கில்லை. ‘சைக்கடெலிக் சிகிச்சை இங்கே கிடைக்கும்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், எந்த மருந்து, எந்த மருத்துவமனை, அருகில் இருப்பவர் யார், அவருக்குத் தமிழ் தெரியுமா என்று கேளுங்கள். இப்போதுள்ள மாத்திரைகள் பலன் தரவில்லை என்றால், அளவையும் மருந்தையும் மாற்றிப் பார்க்கவும், உளச்சிகிச்சையைச் சேர்க்கவும், தேவைப்பட்டால் மின்னதிர்வுச் சிகிச்சையைக் கருதவும் இன்னும் இடமிருக்கிறதா என்று முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மலையிலிருந்து உடனே இறங்கி வர இயலாதவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் கட்டணமின்றிப் பேசலாம்.