பழைய சுவரில் புதுப் பூச்சு: கரணையை எடுப்பதற்கு முன்

வீட்டைப் புதுப்பிக்கும்போது டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் நாலு கடை ஏறி இறங்குகிறோம். பழைய சுவரைக் கொத்திச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் இரண்டு சித்தாள்களிடம் விட்டுவிடுகிறோம். அடுத்த மழைக்காலத்திலேயே பூச்சு உப்பிப் பொரிந்தால், பழி சிமெண்ட் மீது விழுகிறது. குறை பெரும்பாலும் அடியில் இருந்த சுவரில்தான்.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. சுத்தியலின் கட்டைப் பிடியால் ஓரடிக்கு ஓரிடம் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. 'பொத்' என்று கேட்டால் உள்ளே பிடி விட்டுவிட்டது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் சுவரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒட்டுப்போட வேண்டாம், சுவர் முழுவதையும் கொத்திவிடுவதே நல்லது. ஒரு பகுதியை மட்டும் எடுப்பதென்றால் கட்டரால் நேர்கோடாக வெட்டிவிட்டுக் கொத்துங்கள். இல்லாவிட்டால் உளியின் அதிர்ச்சியில் பக்கத்துப் பூச்சும் கழன்றுகொள்ளும்.

கொத்தும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, தண்ணீர் வால்வை மூடுங்கள். நாலரை அங்குலச் சுவரில் பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம், செங்கல்லே ஆட்டம் கண்டுவிடும். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும்; 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பை அரசு 2016-இல்தான் விதித்தது. அதை உலர வைத்துச் சுரண்டாமல் ஈரப்படுத்தி எடுங்கள். முகக்கவசம் கட்டாயம், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. முக்கால் அங்குலப் பூச்சை 100 சதுர அடி கொத்தினால் ஏறக்குறைய 350 கிலோ இடிபாடு சேரும். மாடியில் அதை அறை நடுவே குவிக்காமல் அன்றன்றே இறக்கிவிடுங்கள்.

இனி ஓதமும் (சுவரில் ஊறும் ஈரம்) உப்பும். அவசரப்பட்டால் எல்லாமே வீணாகும் இடம் இதுதான். கணுக்கால் முதல் இடுப்பு வரை சுவர் நெடுக வெள்ளையாகப் பூத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. சாலையை மேலே மேலே போட்டு வீடு பள்ளமாகிப்போன தெருக்களில் இது சகஜம். வெளியே மண்மட்டம் பேஸ்மெண்டைத் தாண்டி ஏறியிருக்கும். அந்த மண்ணை முதலில் இறக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் திட்டாக ஈரம் இருந்தால் பின்பக்கம் குளியலறையா, குழாயா என்று பாருங்கள். காரணத்தைச் சரிசெய்த பின் இரண்டடி சதுர பாலிதீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து, கீழே விரித்த சாக்கில் சேகரித்து வெளியே கொட்டுங்கள். சில நாள் கழித்து மீண்டும் பூக்கும், மீண்டும் துடையுங்கள். ஆசிட் ஊற்றும் வழக்கம் வேண்டாம். அதனால் சுவரில் தங்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தையே இழுக்கும்.

சுண்ணாம்புக் காரையிலோ மண்சாந்திலோ கட்டிய வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் மேல் 1:4 (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல்) சிமெண்ட் பூச்சு போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். சுண்ணாம்பும் மணலும் 1:3, அல்லது சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 என்று கலப்பதே அந்தச் சுவருக்குப் பொருந்தும்.

செங்கல் சந்துகளை 10 மில்லிமீட்டர் ஆழம் கீறி, கம்பி பிரஷ் போட்டுத் தூசியை நீக்குங்கள். கான்கிரீட் தூண், பீம் மீது இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து, 3 மில்லிமீட்டர் ஆழத்தில். ஒயரிங், பைப் பதிக்கக் காடி (பள்ளம்) வெட்டுவதெல்லாம் இப்போதே முடிய வேண்டும். காடியை 1:3 கலவையால் அடைத்து இறுகவிட்டு, அதன் மேலும் தூணும் செங்கல்லும் சேருமிடத்திலும் இருபுறமும் ஆறங்குலம் வருமாறு கோழிவலை அடியுங்கள். வலை இல்லாவிட்டால் விரிசல் அந்தக் கோட்டிலேயே வரும்.

பூசுவதற்கு முந்தைய நாள் சுவரை நன்றாக நனையுங்கள். காய்ந்த பழைய செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகாமல், தேய்த்தால் மணலாக உதிரும். பூசும் நேரத்தில் சுவர் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் பளபளக்கக் கூடாது. அரை அங்குலம், 1:5 என்றால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்டும் ஐந்தாறு கன அடி பி-சாண்டும் (பூச்சுக்கான செயற்கை மணல்) பிடிக்கும். பள்ளம் அதிகமென்றால் ஒரே தடவையில் முக்கால் அங்குலத்துக்கு மேல் ஏற்றாமல் இரண்டு பூச்சாகப் பிரியுங்கள்.

சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடிப்பதாக இருந்தால், உடனே பூசி முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் அடியுங்கள். காய்ந்துவிட்ட பால், பூச்சைச் சுவரோடு ஒட்டவிடாது.