அழிப்பதற்கு முன்: இணையச் சீண்டல் வழக்குகளில் சான்று தொலையும் இடம்

கல்லூரியில் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு ஒரு தந்தை என் அலுவலகத்துக்கு வந்தார். அவளுடைய படத்தை வைத்து யாரோ போலி இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கி, அவளே எழுதுவதுபோல் ஆபாசமான செய்திகளை அவளது வகுப்பு முழுவதற்கும் அனுப்பியிருந்தார்கள். அவர் நீட்டிய கோப்பில் ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்து வரிசையாக அடுக்கியிருந்தார். ஆனால் ஒவ்வொரு தாளிலும் கெட்ட வார்த்தைகளைத் தம் கையாலேயே பேனாவால் அடித்து மறைத்திருந்தார். "இதையெல்லாம் ஸ்டேஷன்ல நாலு பேர் படிக்கிற மாதிரி எப்படி மேடம் குடுக்கறது?" என்றார். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, கணக்கின் பெயர் இருந்த மேற்பகுதியும் வெட்டப்பட்டிருந்தது. மகளின் கைபேசியில் வந்தவற்றை அன்றிரவே அழித்துவிட்டார்களாம்.

குற்றம் நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோப்பில் குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அதன் வரையறை தெளிவற்றது, கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின், இணையத்தில் யார் எதை எழுதினாலும் கேட்க நாதியில்லை என்றொரு எண்ணம் பரவிவிட்டது. அது தவறு. இணையச் சீண்டல் என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை என்பது உண்மைதான் என்றாலும், பிறருடைய அடையாளத்தைத் திருடுவதற்கு அதே சட்டத்தின் 66சி, ஆபாசத்தைப் பரப்புவதற்கு 67, பெண் மறுத்த பிறகும் விடாமல் தொடர்புகொள்வதற்கும் அவளது இணைய நடமாட்டத்தைக் கண்காணிப்பதற்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78, பெயர் மறைத்து மிரட்டுவதற்கு 351 என்று பிரிவுகள் இருக்கின்றன. 67ஆம் பிரிவின் கீழ் நாட்டின் முதல் தண்டனை என்று சொல்லப்படுவதே சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் 2004 நவம்பரில் வழங்கப்பட்டதுதான்: விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிய, அவருக்கு முன்பே அறிமுகமான ஒருவர், புகார் கொடுத்த சில மாதங்களிலேயே தண்டிக்கப்பட்டார்.

ஆண்களுக்கு நிலைமை சற்றுக் கடினம். 78ஆம் பிரிவு பெண்ணை மட்டுமே காக்கிறது. அவதூறோ, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அன்று, மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவராக இருந்து, சீண்டலில் பாலியல் நோக்கம் இருந்தால், பையனோ பெண்ணோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தும் புகார் தராமல் "பேசி முடித்துவைக்கும்" பள்ளித் தலைமையும் அச்சட்டத்தின்படி குற்றவாளியே.

இந்தப் பிரிவுகளுக்கெல்லாம் உயிர் கொடுப்பது, முதல் சில மணி நேரத்தில் நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள் என்பது. காட்டப்படும் பெயரை எவரும் நொடியில் மாற்றலாம். ஆகவே கணக்கின் பயனர் பெயரும், சுயவிவரப் பக்கத்தின் இணைப்பு முகவரியும், தேதியும் நேரமும் முழுத்திரையாகப் பதிவாக வேண்டும். இன்னொரு கைபேசியால் அந்தத் திரையை மெதுவாக உருட்டியபடி வீடியோ எடுத்துவைப்பது இன்னும் நல்லது. அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்கைப் பிளாக் செய்ய வேண்டும். செய்தி வந்த கைபேசியை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது, ஏனெனில் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குக் கேட்கும் சான்றிதழ் அந்தக் கருவியைப் பற்றியது. நீக்கப்பட்ட பதிவின் விவரங்களைச் சமூக ஊடக நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த 180 நாளிலிருந்துதான் கழிகிறது. 1930 என்ற எண் முக்கியமாகப் பணமோசடிக்கானது. சீண்டலுக்குத் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் தரலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று யாராவது திருப்பி அனுப்பினால், எங்கு நடந்த குற்றமானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று கூறும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் வழக்கைக் காப்பாற்றியது நானல்ல. அதே செய்தி வந்த வகுப்புத் தோழி ஒருத்தி, அதை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாமல், அழிக்கவும் மனம் வராமல், அப்படியே வைத்திருந்தாள். "எங்க வீட்ல திட்டுவாங்க மேடம்" என்று தயங்கியவள், இரண்டு நாள் கழித்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, சான்றிதழில் எங்கே கையெழுத்திட வேண்டும் என்று கேட்டாள்.