இரண்டு டிஸ்க் இருந்தால் பேக்கப் ஆகிவிடுமா?

வீட்டுக் கோப்புகளை ஒரே இடத்தில் சேமித்து, டிவி, ஃபோன் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் வழியே தர ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கும் நாஸ் பெட்டி ஒரு சின்னக் கணினிதான். ஒரு பிராசசர், கொஞ்சம் ராம், இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை டெராபைட் என்றுதான் கேட்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் என்ன நடக்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கான விடை ரெய்டு: ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்கும் முறை. 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரப்பியது. இரண்டு டிஸ்க் பெட்டியில் வேலை எளிது: ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். நான்கு டிஸ்க் என்றால் கொஞ்சம் தந்திரம். மூன்று டிஸ்கில் ஒரே இடத்தில் 1, 0, 0 இருக்கிறது என்று வையுங்கள். மொத்த 1-கள் இரட்டைப்படையாக வரும்படி நான்காவதில் 1 எழுதப்படும். முதல் டிஸ்க் போய்விட்டால் மிஞ்சுவது 0, 0, 1. இரட்டைப்படை ஆக வேண்டுமானால் தொலைந்தது 1-ஆகத்தான் இருக்க முடியும். அவ்வளவுதான் கணக்கு. 4 டெராபைட் டிஸ்க் நான்கு போட்டால், ஒரு டிஸ்க் அளவு இதற்குப் போக 12 டெராபைட் கைக்குக் கிடைக்கும்.

ஆனால் செத்த டிஸ்குக்குப் பதிலாகப் போட்ட புது டிஸ்கை நிரப்ப, மிச்சமுள்ள மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் வேலை. அந்த நேரத்தில் இன்னொன்று படுத்தால் எல்லாம் போச்சு. டிஸ்க் வகையையும் பார்த்து வாங்குங்கள். எஸ்.எம்.ஆர் வகை டிஸ்கில் தரவு எழுதும் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும்; மறுநிரப்பல் இழுத்துக்கொண்டே போகும். நாஸுக்கென்று 'ரெட்' என்ற பெயரில் விற்ற சில டிஸ்குகளும் இந்த வகைதான் என்று டிஸ்க் தயாரிப்பாளர் வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-இல் ஒப்புக்கொண்டது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர் வகையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

சரி, ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாமா? வேண்டும். தவறிப்போய் ஒரு படத்தை அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல்), இணையத்துக்குத் திறந்துவைத்திருந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. ரெய்டு அங்கே என்ன செய்யும்? பூட்டிய கோப்பையும் பத்திரமாக இரண்டு பிரதி எடுத்து வைக்கும்! ஆகவே தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்கி, நகல் எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.

நாஸில் உள்ள சினிமாவை டிவியில் பார்ப்பது வேறு கதை. 4கே ப்ளூரேயின் உச்ச வேகமே நொடிக்கு 150 மெகாபிட்டுக்குள்தான். நொடிக்கு 1000 மெகாபிட் கடத்தும் கிகாபிட் கேபிளுக்கு அது தூசி. டிவிக்கு அந்தக் கோப்பின் வடிவம் புரியாதபோதுதான் சிக்கல். அப்போது நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள், அத்தனையையும் நாஸ்தான் பிரித்து வேறு வடிவத்தில் திரும்பச் சுருக்க வேண்டும். படமாகச் சேமித்த சப்டைட்டில் சிலவும் இந்த வேலையை நாஸின் தலையில் கட்டிவிடும். இன்டெலின் குயிக் சிங்க் போல இதற்கென்றே தனிச் சுற்று உள்ள பிராசசர் சமாளிக்கும். மலிவான பெட்டிகள் பல திணறும்.

வாங்குமுன் வீட்டிலுள்ள படங்களைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பாருங்கள். நேராக ஓடினால் விலை குறைந்த பிராசசரே பெரும்பாலும் போதும்; மிச்சப் பணத்தில் அந்த வெளி டிஸ்கை வாங்கலாம்.