லென்ஸில் தெரியும் அந்தப் பச்சை

ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் ஏஆர் (ஆன்டி ரிஃப்ளெக்டிவ்) கோட்டிங் போட்ட மூக்குக்கண்ணாடியை டியூப்லைட்டுக்கு அடியில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். லென்ஸில் விழும் விளக்கின் பிம்பம் வெள்ளையாக இருக்காது. மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். லென்ஸில் சாயம் எதுவும் பூசவில்லை. ஒளியை ஒளியே அடக்கியது போக மிஞ்சியதுதான் அந்த நிறம்.

பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். முன்னும் பின்னுமாகக் கிட்டத்தட்ட 8. பவர் அதிகம் உள்ளவர்கள் கனம் குறையட்டும் என்று வாங்கும் ஒளியை அதிகமாக வளைக்கும் 1.67 ஹை இண்டெக்ஸ் லென்ஸில் (1.67 என்பது ஒளிவிலகல் எண்) இந்த இழப்பு 12 சதவீதத்தை நெருங்கும். ஆகவே மெல்லிய லென்ஸுக்குத்தான் இந்தப் பூச்சு இன்னும் அவசியம்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மக்குலா. ஆண்டு 1935. லென்ஸின் மேல் மிக மெல்லிய ஒரு படலம் இருந்தால், ஒளியில் ஒரு பங்கு படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும். இன்னொரு பங்கு உள்ளே போய், படலமும் லென்ஸும் சேரும் இடத்தில் பட்டுத் திரும்பும். படலத்தின் தடிமன், படலத்துக்குள் சுருங்கிய ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், போகக் கால், வரக் கால் என்று இரண்டாவது அலை அரை அலைநீளம் பின்தங்கிவிடும். ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் விழ, திரும்பி வரும் ஒளி அடங்கிப்போகும். அது வீணாவதில்லை, லென்ஸைக் கடந்து கண்ணுக்கு வந்து சேர்கிறது! நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் 550 நானோமீட்டர் பச்சைக்கு, மக்னீசியம் ஃபுளோரைடு படலம் 100 நானோமீட்டர் தடிமன் இருந்தால் போதும். ஆனால் ஓர் அடுக்கு ஒரு நிறத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் இப்போது சிலிகான், சிர்கோனியம் போன்றவற்றின் ஆக்சைடுகளை மாற்றி மாற்றிப் பல அடுக்குகளாகப் படிய வைக்கிறார்கள்.

சிக்கலும் இங்கேதான். அந்த அடுக்குகள் விறைப்பானவை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கோ சூடு பட்டால் அவற்றைவிடப் பல மடங்கு விரியும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கண்ணாடியை வைத்தால் பூச்சு இழுபட்டு, வலைபோல் மயிரிழை விரிசல் விடும். அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் அந்த மங்கல் போகாது. லென்ஸை மாற்றத்தான் வேண்டும். வெந்நீரில் கழுவுவதும் கூடாது.

சட்டை நுனியால் உலர்ந்தபடி துடைப்பதை முதலில் விடுங்கள். தூசியில் இருக்கும் மணல்துகள் லென்ஸைக் கீறும். குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை விரல் நுனியால் தடவி, மறுபடி அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அசிட்டோன், அம்மோனியா கலந்த எதுவும் வேண்டாம். புது லென்ஸில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். எண்ணெயையும் நீரையும் ஒட்டவிடாத மேலடுக்கின் வேலை அது. தண்ணீர் பரவி நிற்க ஆரம்பித்தால் அந்த அடுக்கு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, கடையில் எதைக் கேட்பது? பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் கீறல் தாங்கும் ஹார்டு கோட் கட்டாயம். ஏஆர் பூச்சு இரண்டு பக்கமும் உண்டா என்று கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் உள்ள விளக்கு லென்ஸின் உட்புறத்தில்தான் பட்டுக் கண்ணில் அடிக்கும். கம்ப்யூட்டர் பார்ப்பவர்களுக்கு என்று கூடுதல் விலைக்குத் தரும், நீல ஒளியைக் குறைக்கும் ‘ப்ளூ கட்’ லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தை நல்ல ஏஆர் பூச்சுக்குக் கொடுக்கலாம்.