‘ஏலியன்’ பார்க்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

1979 மே மாதம் அமெரிக்கத் திரையரங்குகளில் ‘ஏலியன்’ வெளியானது. அதில் ஒரு காட்சிக்குச் சிலர் அலறினார்கள், சிலர் எழுந்து வெளியே போனார்கள், சிலருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் பயம் என்ற ஒரே கணக்கில்தான் எழுதுவோம். உடம்பு அப்படி எழுதுவதில்லை. என்ன வரப்போகிறதோ என்று காத்திருக்கும்போது வரும் பதற்றம் ஒன்று, திடுக்கிடுவது வேறு, ரத்தத்தைப் பார்த்துக் கண் இருட்டிக்கொண்டு வருவது இன்னும் வேறு. கடைசியாகச் சொன்னது மற்ற இரண்டுக்கும் நேர் எதிராக வேலை செய்கிறது.

கதை இவ்வளவுதான்: நாஸ்ட்ரோமோ என்ற விண்வெளிச் சரக்குக் கப்பலில் ஏழு பேரும் ஒரு பூனையும். அவர்களில் கேன் என்பவர் மூலமாக ஒரு வேற்றுக்கிரக ஜந்து கப்பலுக்குள் வந்துவிடுகிறது. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். ஜந்துவை வரைந்து வடிவமைத்தவர் சுவிஸ் ஓவியர் ஹெச்.ஆர். கீகர். வளர்ந்த ஜந்து முழுப் படத்திலும் கண்ணில் படுவது சில நிமிடங்கள்தான்.

மிச்ச நேரமெல்லாம் பார்ப்பவர்களை எது பிடித்து வைத்திருக்கிறது? கப்பலின் தலைவர் டல்லாஸ் ஜந்துவைத் தேடிக் காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர்களின் கருவியில் அவர் ஒரு புள்ளி, ஜந்து இன்னொரு புள்ளி. புள்ளி நெருங்குகிறது, ஜந்துவைக் காணோம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்துத் திகில் படங்களைக் காட்டி மூளையைக் கவனித்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. பதற்றம் மெல்ல ஏறும்போது பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய பகுதிகளின் செயல்பாடு கூடியது. அதாவது மூளை அப்போது துப்புத் தேடுகிறது. திடீர் அதிர்ச்சி வந்தபோதோ உணர்ச்சி, ஆபத்தை எடைபோடுதல், முடிவெடுத்தல் ஆகியவற்றுக்கான பகுதிகள் முன்னுக்கு வந்தன. இருட்டுக் குழாயில் ஒன்றுமே நடக்காத வினாடிகளில் நாம் திரையின் ஒவ்வொரு மூலையையும் துழாவுவது அதனால்தான்.

தசைகளும் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரு திரையரங்கின் காற்றை மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தினர் படம் ஓடும்போதே அளந்தார்கள். பரபரப்பான காட்சிகளில் காற்றில் ஐசோப்ரீன், கார்பன் டை ஆக்சைடு இரண்டின் அளவும் எகிறியது. ஐசோப்ரீன் தசைகளில் தேங்கி, தசை அசையும்போது ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும் பொருள். அரங்கமே சேர்ந்து நாற்காலியில் விறைத்ததைக் காற்று காட்டிக்கொடுத்துவிட்டது.

சரி, திடுக்கிடுவது? இது மிகக் குறுகிய பாதை. பெரும் சத்தம் காதில் விழுந்ததும் செய்தி மூளைத்தண்டில் உள்ள சில பெரிய நரம்பணுக்களுக்குப் போய், அங்கிருந்து நேரே தண்டுவடம் வழியாகத் தசைகளுக்கு இறங்குகிறது. யோசிக்கும் பகுதியிடம் அனுமதி கேட்பதில்லை. நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடிவிடுகிறது. சார்லஸ் டார்வின் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆப்பிரிக்க விரியன் பாம்பு கொத்த வந்தால் பின்வாங்கக்கூடாது என்ற உறுதியோடு முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி நின்று பார்த்தார். பாம்பு கொத்தப் பாய்ந்தது, அவர் துள்ளிப் பின்னால் போயிருந்தார். இதை 1872இல் அவரே எழுதியிருக்கிறார். கதை தெரிந்த பிறகும் அதே இடத்தில் நமக்குத் தூக்கிவாரிப் போடுவதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் இந்தத் திடுக்கிடலின் அளவை மேலிருந்து கூட்ட முடியும். ஒரு விளக்கு எரிந்தால் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகளைப் பழக்கிவிட்டு, விளக்கு எரியும்போது சத்தம் எழுப்பினால் அவை வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளுகின்றன. 1951 முதலே தெரிந்த விஷயம் இது. மைக்கேல் டேவிஸ் என்ற நரம்பியலாளர் பின்னாளில் இதன் சுற்றைத் தேடிப்போய், மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி மூளைத்தண்டுக்கு அனுப்பும் செய்திதான் அளவைக் கூட்டுகிறது என்று காட்டினார். படத்தில் கருவி எதையோ கண்டுபிடிக்க, மூன்று பேர் வலையோடு ஒரு பெட்டியை மெல்லத் திறக்கிறார்கள். உள்ளிருந்து பூனை பாய்கிறது. பூனையைக் கண்டு யாரும் இப்படித் துள்ளுவதில்லை. முந்தைய நிமிடங்கள்தான் துள்ளவைக்கின்றன. வெறும் சத்தத்தால் பயமுறுத்துவது எனக்கு மலிவான வித்தையாகத்தான் படும். இங்கே மட்டும் மன்னித்துவிடலாம், ஏனென்றால் தப்பி ஓடிய அதே பூனையைத் தேடித்தான் அந்த மூவரில் ஒருவரான பிரெட் தனியாகப் போய்ச் சாகிறார்.

இப்போது, முதலில் சொன்ன அலறவைத்த காட்சி: சாப்பாட்டு மேசை. நல்ல வெளிச்சம், சிரிப்பு, எல்லோருக்கும் பசி. கேன் இருமுகிறார், துடிக்கிறார். சட்டையில் ரத்தம் தெறிக்கிறது. ஒரு கணம் எல்லாம் நிற்கிறது, அப்புறம் நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி ஜந்து வருகிறது. ரத்தம் இவ்வளவு பீய்ச்சும் என்று உடன் நடித்தவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. அவர்களில் ஒருவரான நடிகை வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் அது அடித்தபோது அவர் காட்டிய அதிர்ச்சி நடிப்பல்ல.

இங்கேதான் சிலருக்கு உடம்பு வேறு திசையில் திரும்புகிறது. பயத்தில் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தமும் பிளந்த உடலும் கண்ணில் பட்டால் மயங்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு, முதலில் கொஞ்சம் ஏறிய துடிப்பு சட்டென்று சரிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வியர்வை, குமட்டல், கண் இருட்டல். பக்கத்தில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு ‘உடம்பைத் தளர்த்திக்கோ’ என்பார். அழுத்தம் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும்போது அது உதவாது. கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில வினாடிகள் இறுக்கிப் பிடிப்பதுதான் அழுத்தத்தை ஏற்றும். ரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவர்களுக்கு உளவியலாளர்கள் கற்றுத்தரும் முறையும் அதுவே.

இவ்வளவு பட்டும் ஏன் காசு கொடுத்துப் பார்க்கிறோம் என்பதற்கு உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் தந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. உடம்பின் பரபரப்பு காட்சி முடிந்ததும் அடங்கிவிடுவதில்லை. அந்த மிச்சம் அடுத்து வரும் உணர்ச்சியில் ஏறிக்கொண்டு அதைப் பெரிதாக்குகிறது. ‘ஏலியன்’ இதை இரண்டு முறை பயன்படுத்துகிறது. ஏழு பேரில் மிஞ்சிய ரிப்ளி சிறு ஓடத்தில் தப்பிக்கிறார், கப்பல் வெடிக்கிறது, அரங்கம் பெருமூச்சு விடுகிறது. ஆனால் அந்த ஓடத்தின் சுவரோரம் ஜந்து படுத்திருக்கிறது. அடங்காத படபடப்பின் மேலேயே அடுத்தது ஏறுகிறது. அவர் கதவைத் திறந்து அதை வெளியே வீசும்போது கிடைக்கும் நிம்மதி, முதலில் கிடைத்ததைவிடப் பெரிதாகிவிடுகிறது.