பிரதிஷ்டை என்றால் என்ன?

வாலிபர் முகாமின் கடைசி ராத்திரி, "உங்களை ஆண்டவருக்குப் பிரதிஷ்டை பண்ணுங்கள்" என்று போதகர் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் கண்ணீரோடு போயிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ரொம்ப வருஷம் யோசித்ததே இல்லை.

பிரதிஷ்டை வடசொல். 'ஸ்தா' என்கிற அதன் வேருக்கு நிற்றல் என்று பொருள், அதனால் பிரதிஷ்டை என்றால் நிலையாக நிற்கவைப்பது. இந்துக் கோயில்களில் சிலையை நிறுவுவதற்கும் இதுதான் சொல். நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணுகிறார், யோவான் 10:22-லும் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது.

கட்டடத்துக்குச் சரி, மனுஷனுக்கு? லேவியராகமம் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோனும் அவன் குமாரரும் ஆசாரியர்களாகப் பிரதிஷ்டை ஆகிற அந்த இடத்தில் எபிரெயம் சொல்வது 'கையை நிரப்புதல்' என்று! மோசே பலியின் பங்குகளை உண்மையாகவே அவர்கள் உள்ளங்கைகளில் வைக்கிறார், அதற்கு முன்பே ஆட்டுக்கடாவின் இரத்தத்தை வலது காது மடலிலும் வலது கைப் பெருவிரலிலும் வலது கால் பெருவிரலிலும் பூசியாயிற்று. காதும் கையும் காலும் என்றால் கேட்பது, செய்வது, போகிற இடம் எல்லாம் வந்துவிடுகிறதே, ஒரு மனுஷனுடைய நாளில் வேறென்ன மிச்சம்? அதுவும் ஒரு ராத்திரியில் முடியவில்லை, ஏழு நாள் ஆகிறது. அப்புறம், இது ஆசாரியர்களுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். 1 நாளாகமம் 29:5-ல் தாவீது ஆலயத்துக்காகச் சபையார் எல்லாரையும் பார்த்து "மனப்பூர்வமானவர்கள் யார்" என்று கேட்கிறபோதும் மூலத்தில் இருப்பது இதே கை நிரப்புகிற பேச்சுதான்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? கத்தோலிக்கர்கள் குருக்களுக்குத் 'திருநிலைப்படுத்துதல்' என்கிறார்கள். 'நிலை' என்பதற்குள் 'நில்' இருப்பதால் வடசொல்லின் வேர்ப்பொருள் அப்படியே தங்கிவிட்டது, அழகான ஆக்கம். ஆனால் துணிக்கடையில் நிற்கிற, ஆட்டோ ஓட்டுகிற விசுவாசிக்கு அது பொருந்தாது. 'அர்ப்பணிப்பு' பழகிய சொல்தான் என்றாலும் அதுவும் வடமொழி, தவிர இன்று ஆபீஸ் பாராட்டு விழா வரைக்கும் போய்த் தேய்ந்துவிட்டது.

என் தெரிவு ஒப்புக்கொடுத்தல். ரோமர் 12:1-ல் சரீரங்களை ஜீவபலியாக "ஒப்புக்கொடுக்கவேண்டும்" என்று பவுல் வேண்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிற சொல் இது. பிள்ளையை ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கிறோமே, அந்த நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. எங்கள் பாட்டி அடுப்புப் பற்றவைக்கும் முன்னால், "இந்த நாளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்று தினமும் ஜெபிப்பார். பிரதிஷ்டை என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

இதற்கு நெருங்கிய உறவு 'ஒப்புவித்தல்'. சிலுவையில் இயேசு சொன்னதும் அதுதான்: "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்."